இனக்குழுவின் செயற்கூற்றில் மாறிகளின் வரையெல்லை

வலைப்பக்க நிரல் கற்போர் பலர், பிழைச்செய்தி தோன்றாவிடின் நிரல் சரியே என்று கருதுகின்றனர். அவ்வாறன்று. செய்தி எதுவும் தராமல் தவறான விடையைத் தரும் பிழைகளும் உள, அவையே அஞ்சத்தக்கவை.

காலை 8.30 மணிக்கு அளக்கப்படும் மழையளவுகளைக் கூட்டும் பி.எச்.பி. நிரல் ஒன்றைக் கொள்வோம். ‘மழைப்பதிவு’ என்னும் இனக்குழுவில் ‘மொத்தம்’ என்பது ஒரு பண்பு. அதன் தொடக்க மதிப்பு 0. ‘சேர்’ என்னும் செயற்கூற்றில் பின்வரும் வரி உள்ளது:

$மொத்தம் = $திஸ்->மொத்தம் + $அளவு;

(‘திஸ்’ என்பது நிரலில் ஆங்கில எழுத்திலேயே வரும். மாறிகளுக்குத் தமிழ்ப்பெயர் இட இம்மொழியில் தடையில்லை.)

12, 7, 20 மி.மீ. என மூன்று நாள் அளவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரப்படுகின்றன. பண்பில் 39 இருத்தல் வேண்டும், இருப்பதோ 0. எச்சரிக்கையும் இல்லை. அறிக்கையைப் பெறுபவர் மழையே பெய்யவில்லை என்று கொள்வார்.

காரணம் யாது? வலப்புறத்திலுள்ள ‘திஸ்’, செயற்கூற்றை அழைத்த பொருளைச் சுட்டுகிறது; ஆதலின் பண்பு சரியாகப் படிக்கப்படுகிறது. இடப்புறத்திலுள்ள வெறும் $மொத்தம் அப்பண்பன்று. அது செயற்கூற்றினுள் பிறந்த உள்ளமை மாறி. செயற்கூறு முடிந்தவுடன் மறைந்துவிடும். பெயர் ஒன்றாயினும் இடம் வேறு. இடப்புறத்திலும் $திஸ்->மொத்தம் என எழுதினால் பிழை தீரும். அம்புக்குறிக்குப் பின் டாலர் குறி வாராது.

ஜாவா கற்றவர்கள் இங்கு எளிதில் தவறுகின்றனர். அம்மொழியில், அதே பெயருடைய உள்ளமை மாறி இல்லாதபோது, வெறும் பெயரே பண்பைக் குறிக்கும். ஜாவாஸ்கிரிப்டிலோ ‘திஸ்’ இன்றியமையாதது.

மதிப்பில்லாத உள்ளமை மாறியைப் படிக்க முயன்றால், 2020-இல் வெளியான பி.எச்.பி. 8-ஆம் பதிப்பு முதல் எச்சரிக்கை எழுகிறது. முன்னர் வெறும் குறிப்பே எழுந்தது. ஆனால் மேற்கண்ட வரி அவ்வாறு எதையும் படிப்பதில்லை. எழுத மட்டுமே செய்கிறது.

இனக்குழுவுக்கு வெளியே உள்ள மாறிகளும் பி.எச்.பி.யில் செயற்கூற்றினுள் தாமாகத் தெரிவதில்லை. ‘குளோபல்’ என அறிவித்துப் பெறலாம். எனினும் அளபுருவாக அனுப்புவதே நன்று. எந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்பது அப்போது தெளிவாக இருக்கும்.

வகுப்பில் இதனை விளக்க, செயற்கூற்றின் கடைசி வரியில் உள்ளமை மாறியையும் பண்பையும் அடுத்தடுத்து அச்சிடச் செய்க. பிழையான நிரலில் முதலாவது 12, 7, 20 என மாறிவரும். இரண்டாவது மூன்று முறையும் 0 ஆகவே நிற்கும்.