கை ராசி வேண்டாம், ஒரு திரி போதும்: வீட்டுக்குள் செடி வளர்க்கும் பாடம்



போன மாதம் வகுப்பு முடிந்து பாய் மடிக்கும்போது ஒரு தங்கை கிட்ட வந்து கேட்டாள். "அக்கா, எங்க வீடு பதினோராவது மாடி. வெயிலே உள்ள வராது. நான் வாங்கி வைக்கிற செடி எல்லாம் ஒரு மாசத்துல செத்துப் போகுது. எனக்குக் கை ராசி இல்லையாக்கா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இதே கேள்வியை நான் நான்காம் படிவத்தில் என்னையே கேட்டிருக்கிறேன். அந்தக் கதையில் இருந்தே இன்றைய பாடத்தைத் தொடங்குவோம்.

இந்தப் பாடத்தில் நாம் கற்றுக்கொள்ளப் போவது

1. வீட்டுக்குள் வைக்கும் செடி ஏன் சாகிறது?
2. நம் வீட்டு வெளிச்சத்துக்கு எந்தச் செடி சரி?
3. தினமும் தண்ணீர் ஊற்றாமல் செடி வளர்க்க இரண்டு வழிகள்.
4. கொசு வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பாட்டியின் வெற்றிலைக் கொடி

நாங்கள் தோட்டத்தில் இருந்தவர்கள். லயத்து வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தில் பாட்டி ஒரு வெற்றிலைக் கொடி ஏற்றி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை சாமிக்கு, விசேஷத்துக்குத் தாம்பூலம், பாட்டி வாய்க்கு, எல்லாம் அதில் இருந்துதான். தோட்டத்தை வீடமைப்புத் திட்டத்துக்கு விற்றுவிட்டார்கள். எங்களுக்கு மலிவு விலை பிளாட்டில் நான்காவது மாடி கிடைத்தது. லாரி ஏறும்போது பாட்டி கையில் ஈரத் துணி சுற்றிய கொடித் தண்டு ஒன்று இருந்தது. வேறு எதையும் அவர் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு வரவில்லை.

"நீ பாத்துக்கம்மா, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல" என்று என்னிடம் கொடுத்தார். நானும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். காலையில் ஒரு குவளை, சாயங்காலம் ஒரு குவளை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு முதல் வேலை அதுதான். மூன்றே வாரத்தில் இலை மஞ்சளாகி உதிர்ந்தது. வாடுகிறதே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். கடைசியில் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, குழைந்து, நாற்றம் அடித்தது.

பாட்டி திட்டவில்லை. "அதுக்கு இந்த இடம் புடிக்கல போல" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு பல நாள் அவர் ஜன்னல் பக்கமே வரவில்லை.

செடி ஏன் சாகிறது?

அன்று எனக்குத் தெரியாத விஷயம் இதுதான்: வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு நடுவில் இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில் காற்று இருக்கிறது. வேர் அதில் இருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. நாம் ஓயாமல் தண்ணீர் ஊற்றினால் அந்த இடைவெளி முழுவதும் தண்ணீர் நிறைந்துவிடும். வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் மண் ஈரமாக இருக்கும்போதே மேலே இலை வாடும். நாம் என்ன நினைப்போம்? தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம்.

வெளியே வெயிலில் இருக்கும் தொட்டி சீக்கிரம் காயும். வீட்டுக்குள் அப்படி இல்லை. வெளிச்சம் குறைவு, காற்றோட்டம் குறைவு, செடி குடிப்பதும் குறைவு. ஆகவே வீட்டுக்குள் செடிகள் காய்ந்து சாவதைவிட மூழ்கிச் சாவதே அதிகம்.

சோதனை சுலபம். விரலை மண்ணுக்குள் இரண்டாவது கணு வரை விடுங்கள். ஈரம் தெரிந்தால் ஊற்ற வேண்டாம். தொட்டியைத் தூக்கியும் பார்க்கலாம். காய்ந்த தொட்டி லேசாக இருக்கும்.

இன்னொன்று. இணையத்தில் பார்க்கும் காணொளிகளில் "குளிர்காலத்தில் தண்ணீரைக் குறையுங்கள்" என்பார்கள். அது அவர்கள் ஊருக்கு. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நமக்கு வருஷம் முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். நமக்கு விரல் சோதனையே போதும்.

முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள்

கடையில் அழகாக இருக்கிறது என்று செடியை வாங்கிவிட்டுப் பிறகு இடம் தேடுவதுதான் நாம் செய்யும் தப்பு. முதலில் இடத்தைப் பாருங்கள். மத்தியானம் விளக்கை அணைத்துவிட்டு, செடி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். ஓர் அடி உயரத்தில் கையை நீட்டுங்கள்.

- நிழல் விளிம்பு தெளிவாகத் தெரிந்தால்: நல்ல வெளிச்சம்.
- நிழல் மங்கலாகத் தெரிந்தால்: நடுத்தர வெளிச்சம்.
- நிழலே தெரியாவிட்டால்: அங்கே எந்தச் செடியும் வளராது. கொஞ்ச நாள் உயிரோடு இருக்கும், அவ்வளவுதான்.

ஜன்னலில் இருந்து நாலு அடி தள்ளினாலே வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். நம் கண் அதற்குப் பழகிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

துளசியைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். துளசிக்கு நேர் வெயில் வேண்டும், தினமும் பல மணி நேரம். பால்கனி இருந்தால் அங்கே வையுங்கள். இல்லாத வீட்டில் பூஜை அறைக்குள் துளசித் தொட்டியை வைத்தால் அது மெலிந்து, நீண்டு, செத்துப் போகும். அது உங்கள் பக்தியின் குறை இல்லை, வெளிச்சத்தின் குறை. கறிவேப்பிலைக்கும் இதே கதைதான்.

நம் வீட்டுக்குள் பிழைக்கும் நான்கு செடிகள்

பாம்புச் செடி. மலாயில் லிடா ஜின் என்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்து வந்தது. தடித்த இலையில் தண்ணீரைச் சேர்த்து வைக்கும். பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு ராத்திரியில் திறக்கும். அதனால் தண்ணீர் அதிகம் ஆவியாவதில்லை. மண் முழுக்கக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை.

இசட் இசட் செடி. இது கிழக்கு ஆப்பிரிக்கா. மண்ணுக்கு அடியில் உருளைக்கிழங்கு மாதிரி கிழங்கு வைத்து அதில் தண்ணீரைச் சேமிக்கும். ஷிப்ட் வேலை செய்பவர்கள், ஹாஸ்டலில் இருந்து வாரக் கடைசியில் மட்டும் வீட்டுக்கு வருபவர்கள் இதைத் தைரியமாக வைக்கலாம்.

மணி பிளாண்ட். பசிபிக் கடலில் உள்ள மூரேயா தீவுதான் இதன் சொந்த ஊர். மண்ணிலும் வளரும், வெறும் தண்ணீரிலும் வளரும். ஆனால் இதன் இலையிலும் தண்டிலும் ஊசி மாதிரி நுண்ணிய படிகங்கள் உண்டு. கடித்தால் வாய் எரியும், வீங்கும். கைக்குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். பாம்புச் செடி, இசட் இசட் செடி இரண்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வெற்றிலை. மிளகுக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. தமிழ்நாட்டு வெற்றிலைக் கொடிக்கால்களில் அகத்தி மரத்தை வளர்த்து அதன் நிழலில்தான் கொடியை ஏற்றுகிறார்கள். அதாவது இது நிழலுக்குப் பழகிய செடி. நேர் வெயில் வேண்டாம், ஆனால் ஜன்னல் ஓரத்து நல்ல வெளிச்சம் வேண்டும். ஏர்கோன் காற்று நேராகப் படக் கூடாது.

முதல் வழி: தண்ணீர் போத்தல்

வெற்றிலை, மணி பிளாண்ட் இரண்டுக்கும் பொருந்தும். மூன்று நான்கு கணு உள்ள தண்டை ஒரு கணுவுக்குக் கீழே வெட்டுங்கள். கீழ்ப்பக்க இலைகளைக் கிள்ளிவிடுங்கள். ஒன்று இரண்டு கணு தண்ணீருக்குள் இருக்கும்படி போத்தலில் வையுங்கள். வேர் வருவது கணுவில் இருந்துதான். இலை தண்ணீரில் மூழ்கினால் அழுகும். சில வாரங்களில் வெள்ளை வேர் தெரியும்.

இங்கே ஒரு தம்பி கட்டாயம் கேட்பான்: "அக்கா, ஈர மண்ணுல வேர் அழுகும்னு சொன்னீங்க. தண்ணியிலேயே வெச்சா எப்படி அழுகாம இருக்கு?" நல்ல கேள்வி. தண்ணீரிலேயே முளைக்கும் வேர் அந்தச் சூழலுக்கு ஏற்ப உருவாகிறது. தண்ணீரை நாம் மாற்றும்போதெல்லாம் புது ஆக்சிஜனும் கிடைக்கிறது. தேங்கிப் போன சேற்று மண்ணில் அது கிடைக்காது. அதனால் வாரம் இரண்டு தடவை தண்ணீர் மாற்றுவதை மறக்காதீர்கள். மாதம் ஒரு முறை திரவ உரம், போத்தலில் எழுதியிருக்கும் அளவில் பாதி போதும்.

இரண்டாவது வழி: விளக்குத் திரி

இதுதான் எனக்குப் பிடித்த வழி. குத்துவிளக்கைப் பாருங்கள். எண்ணெய் கீழே இருக்கிறது, சுடர் மேலே எரிகிறது. யாரும் எண்ணெயை மேலே தூக்கி ஊற்றுவதில்லை. திரியின் நூல் இடைவெளிகள் வழியாக எண்ணெய் தானாக ஏறுகிறது. இதே முறையில் தண்ணீரும் ஏறும்.

வேண்டியவை: ஒன்றரை லிட்டர் போத்தல், பழைய டீசட்டையில் வெட்டிய ஒரு சாண் நீளத் துண்டு, தேங்காய் நார்த்தூள், கருக்கிய உமி. நர்சரியில் சேக்காம் பாக்கார் என்று கேட்டால் கொடுப்பார்கள். வெறும் தோட்ட மண் வேண்டாம், இறுகிவிடும்.

1. போத்தலை நடுவில் வெட்டுங்கள். மூடியில் சூடான ஆணியால் ஒரு துளை போடுங்கள். சின்னவர்கள் பெரியவர்களிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.
2. துணித் திரியைத் துளை வழியாக விடுங்கள். பாதி மேலே, பாதி கீழே.
3. மேல் பாதியைத் தலைகீழாகக் கீழ்ப் பாதிக்குள் சொருகுங்கள். திரியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நார்த்தூளும் உமியும் கலந்து நிரப்பி, வேர் விட்ட தண்டை நடுங்கள்.
4. முதல் தடவை மட்டும் மேலே இருந்து தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த திரி வேலை செய்யாது.
5. கீழே தண்ணீர் ஊற்றுங்கள். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். அது காற்றுக்கு.
6. வெளியே கறுப்புத் துணியோ தாளோ சுற்றுங்கள். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும்.

தண்ணீர் பெரும்பாலும் ஒரு வாரம் தாங்கும். வெற்றிலை, மணி பிளாண்ட், பண்டான் மூன்றுக்கும் இது நல்லது. பாம்புச் செடிக்கும் இசட் இசட் செடிக்கும் வேண்டாம். அவற்றுக்கு மண் காய வேண்டும், திரி காய விடாது.

கொசுவை மறக்காதீர்கள்

செடி வளர்க்கிறேன் என்று டிங்கி வளர்த்துவிடக் கூடாது. ஏடிஸ் கொசு சுத்தமான தேங்கிய தண்ணீரில், பாத்திரத்தின் உள் சுவரில் முட்டை வைக்கும். அந்த முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். நம் சூட்டில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் பத்தாது. வாரத்தில் ஒரு நாள் போத்தலின் உட்புறத்தை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். போத்தல் இரண்டும் சேரும் இடத்தை டேப் ஒட்டி மூடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம். வைத்தால் தண்ணீர் நிற்க விடாதீர்கள். வீட்டில் கொசுப் புழு இருந்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.

மாடி வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு வார்த்தை. ஜன்னலுக்கு வெளியே, கம்பித் திட்டில் தொட்டி வைக்காதீர்கள். கீழே நடப்பது யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை.

செடி காற்றைச் சுத்தம் செய்யுமா?

வாட்ஸ்அப்பில் இந்தச் செய்தி அடிக்கடி வரும். 1989இல் நாசா செய்த ஆய்வு உண்மைதான். ஆனால் அது காற்றுப் புகாத சின்ன அறையில் செய்யப்பட்டது. 2019இல் இத்தகைய ஆய்வுகளை மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஜன்னல் வழியாக வரும் சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி வேண்டும் என்று வந்தது. வீட்டில் நடக்க இடம் இருக்காது! காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள். செடியை வேறு காரணத்துக்காக வளர்ப்போம்.

அந்த வேறு காரணம்

பாட்டியின் கொடியில் இருந்து முன்பே ஒரு தண்டு வாங்கிப் போன அத்தை ஒருவர் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார். ஒரு தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போனபோது அதே கொடி வேலியில் படர்ந்திருந்தது. வெட்கத்தை விட்டுக் கேட்டு ஒரு தண்டு வாங்கி வந்தேன். இந்த முறை தண்ணீர்ப் போத்தலில் வைத்தேன். வேர் விட்டதும் திரித் தொட்டிக்கு மாற்றினேன். மறுபடியும் கொன்றுவிடுவேனோ என்ற பயத்தில் பாட்டியிடம் ஒரு மாதம் சொல்லவே இல்லை.

முதல் புது இலை விரிந்த அன்றுதான் அவரைக் கூப்பிட்டேன். வந்து தடவிப் பார்த்தார். இலையின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். "நம்ம கொடிதான்" என்றார். அன்றிலிருந்து காலைக் காப்பியைத் தினமும் ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டுத்தான் குடித்தார்.

வீட்டுக்குள் வளரும் இலை தோட்டத்து இலை அளவு பெரிதாக இருக்காது. ஆனால் வெள்ளிக்கிழமைக்கு இரண்டு இலை கிடைக்கும். பாட்டி போய் ஆறு வருஷம் ஆகிறது. அவர் படத்துக்கு முன்னால் திதி அன்று வைக்கும் வெற்றிலையை நாங்கள் இன்னும் கடையில் வாங்கவில்லை.

ஆகவே தங்கச்சி, கை ராசி என்று ஒன்றும் இல்லை. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்கிற பொறுமை இருந்தால் போதும்.

செய்து பாருங்கள்

அடுத்த வகுப்புக்குள் உங்கள் குடும்பத்திலோ அக்கம்பக்கத்திலோ உள்ள ஒரு பெரியவரிடம் போய் ஒரு தண்டு கேளுங்கள். அந்தச் செடி அவரிடம் எப்படி வந்தது என்பதையும் கேட்டு எழுதுங்கள். தண்டைப் போத்தலில் வைத்து, வாரம் ஒரு படம் எடுங்கள்.

கலந்து பேசுவோம்

1. மண் ஈரமாக இருக்கும்போதே இலை வாடினால் என்ன செய்வீர்கள்? ஏன்?
2. திரித் தொட்டியில் பாம்புச் செடியை ஏன் வைக்கக் கூடாது?
3. போத்தல் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் ஏடிஸ் ஒழியாது. காரணம் என்ன?
4. வீடு மாறி வந்த பெரியவர்கள் நம் வீட்டில் எதை இழந்திருக்கிறார்கள்? அதில் நம்மால் திரும்பக் கொண்டுவர முடிந்தது எது?