முகத்தைப் பார்த்து விலை, மூக்கைப் பார்த்து முடிவு

பெர்ஷியன் பூனை வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும், நிறத்தையும் முடியையும் விட்டுவிட்டு முதலில் மூக்கைப் பாருங்கள் என்பேன். மும்பையில் ‘டால் ஃபேஸ்’, ‘செமி பன்ச்’, ‘பன்ச்’ என்று முகத்தை வைத்துத்தான் விலை சொல்கிறார்கள். மூக்கு உள்ளே போகப் போக விலை ஏறும். செம்பூரில் எங்கள் வீட்டில் வளர்கிற வெண்ணெய், டால் ஃபேஸ். அவனை வளர்த்தும், தெரிந்தவர்கள் வீட்டுப் பெர்ஷியன்களுக்குச் சிக்கெடுத்தும் கற்றது இது.

இந்த மூக்கு பிறவியிலேயே இப்படி இருந்ததில்லை. 1620 வாக்கில் பியெத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியர் பாரசீகத்தின் குராசான் பக்கத்து நீளமுடிப் பூனைகளைப் பற்றி எழுதினார். பின்னாளில் சூரத், கோவா என்று நம் மேற்குக் கரையிலும் சுற்றியவர் அவர். துருக்கியின் அங்காராவிலிருந்தும் நீளமுடிப் பூனைகள் ஐரோப்பா போயின. 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் பெர்ஷியன் நின்றபோது அதற்கு ஒழுங்கான மூக்கு இருந்தது. அதை அமுக்கித் தட்டையாக்கியது அதற்குப் பின் வந்த வளர்ப்பாளர்களின் ரசனைதான். 2008இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு இன்றைய பெர்ஷியனை மேற்கு ஐரோப்பியப் பூனைகளோடுதான் சேர்த்தது. பாரசீக ரத்தம் என்று சொல்லிக் கூடுதலாகக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

முடி நீளமாக இருப்பதாலேயே பெர்ஷியன் ஆகிவிடாது. நீளமுடிக்கான மரபணு ஒளிந்தே வரும். குட்டைமுடித் தாய்க்கும் தகப்பனுக்கும் நீளமுடிக் குட்டி பிறக்கலாம். உடலைப் பாருங்கள். அகன்று உருண்ட தலை, முனை மழுங்கிய சின்னக் காதுகள், அவற்றுக்கு நடுவே நல்ல இடைவெளி, பெரிய வட்டக் கண்கள், அகன்ற மார்பு, குட்டையான தடித்த கால்கள். இப்போது லட்சத்தைத் தொட்டு விலைபேசுகிற மெய்ன் கூன் வேறு ஜாதி. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பூனை. நீண்ட உடம்பு, காது நுனியில் குஞ்சம், சதுரமான வாய்ப்பகுதி. ஆண் எட்டுக் கிலோ வரை போகும், முழு வளர்த்திக்கு மூன்று நான்கு வருஷம் ஆகும்.

பூனைக்கு உள்ளங்காலில்தான் வேர்க்கும். மீதிச் சூட்டை நக்கியும் இளைத்தும்தான் தணிக்க வேண்டும். மூக்கு நசுங்கிய பூனையால் அதுவும் சரியாக முடியாது. தாராவியில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஷீட் கூரைக்குக் கீழே மாடியில் இருக்கிறது. மே மாத மதியங்களில் பூனையைக் கீழே இறக்கி குளிக்கவும் கழுவவும் இருக்கிற மோரி ஓரத்துக் குளிர்ந்த தரையில் விட்டுவிடுவார்கள். சரியான வேலை. வாய் திறந்து இளைத்தால் காதையும் பாதத்தையும் ஈரத்துணியால் துடைத்து, ஃபேனைப் போட்டுவிட்டு, டாக்டரிடம் ஓட வேண்டியதுதான்.

முடி விஷயத்தில் பிரஷ்ஷை நம்பாதீர்கள். அது மேலாக வழுக்கிக்கொண்டு போகும். அடியில் அடர்ந்த மென்முடி அப்படியே சிக்குப் பிடிக்கும். ஸ்டீல் சீப்பு வேண்டும், தினமும் வேண்டும். காதுக்குப் பின்னால், அக்குள், வயிறு, வாலடி என்று விரலை முதலில் விட்டுத் தடவுங்கள். முடிச்சு தட்டுப்பட்டால் அதன் அடியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து பிரித்து வரவேண்டும். அப்போதுதான் தோல் இழுபடாது. விட்டுவிட்டால் கம்பளி மாதிரி இறுகிவிடும். அப்புறம் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். இழுத்த இழுப்பில் தோலும் கூடவே எழும்பி வந்து வெட்டுப்படும். மெஷின் வைத்திருக்கிறவர்களிடம் கொடுங்கள்.

மழைக்காலம்தான் உண்மையான சோதனை. குளிப்பாட்டினால் வேர் வரை உலர்த்துங்கள். மேல்முடி உலர்ந்திருக்கும், அடியில் ஈரம் நிற்கும். பெர்ஷியனுக்குப் பூஞ்சை சீக்கிரம் பற்றும். வட்டமாக முடி கொட்டினால் குழந்தைகளின் கையையும் கழுத்தையும் பாருங்கள். அவர்களுக்கு அதுதான் படர்தாமரை. பூனைக்கு மட்டும் மருந்து போட்டால் தீராது. மெத்தை விரிப்பு, சீப்பு எல்லாவற்றையும் சுத்தம் செய்ய வேண்டும்.

கண்ணீர்க் குழாய் வளைந்திருப்பதால் கண்ணுக்குக் கீழே பழுப்புக் கறை படியும். காலையில் வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் போதும்.

மாட்டுங்கா மாமி ஒருவர், “நம்மாத்துக்கு வந்துட்டா அதுவும் தயிர்சாதம் சாப்டுண்டு இருந்துடாதோ?” என்று கேட்டார். இருக்காது மாமி. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு போதிய அளவு தயாரிக்காது. இறைச்சி, மீனிலிருந்துதான் அது வரவேண்டும். அது குறைந்தால் பார்வை போகும். இதயம் வீங்கித் தளரும் என்பதும் 1987இல் தெளிவானது. வீட்டில் மீன் சமைக்க மனமில்லாதவர்கள் பூனைக்கென்று விற்கிற முழு உணவைப் பாக்கெட்டில் வாங்கிப் போடலாம்.

என் பெரிய கவலை சிறுநீரகம். பெர்ஷியன்களுக்குப் பரம்பரையாக அதில் நீர்க்கட்டிகள் வரும். பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிக்குப் பாதி வாய்ப்பு. இதற்கான மரபணு மாற்றத்தை 2004இல் கண்டுபிடித்துவிட்டார்கள், பரிசோதனையும் உண்டு. தாய், தகப்பனின் ரிசல்ட்டைக் கேளுங்கள். இல்லையென்றால் பூனைக்குப் பத்து மாதம் ஆனதும் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

வீட்டுக்குள் லில்லிப் பூங்கொத்து வேண்டாம். மகரந்தம் முடியில் ஒட்டி, அதை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும்; ஜாடித் தண்ணீரும் விஷம்தான். மாட்டுங்கா பூக்கடையில் வாங்குகிற மல்லிகையாலும் சம்பங்கியாலும் ஆபத்தில்லை. லில்லியைக் கடித்தது தெரிந்தால் வாந்திக்காகக் காத்திருக்காதீர்கள். மாட்டுங்காவிலிருந்து பரேல் இரண்டே ஸ்டேஷன். அங்கே பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. எந்தப் பூ, எப்போது கடித்தது என்று சொல்லுங்கள். முடிந்தால் அந்தப் பூவையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.