எலும்பும் முட்டையும்

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் ஒரு நீர்நிலையில் மண் எடுத்தபோது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் கிளம்பின. அன்று மாலைக்குள் ஒரே படம் பதினொரு பேரிடமிருந்து என் போனுக்கு வந்துவிட்டது. “டைனோசர் முட்டையாம்ணே, உடனே எழுதுங்க” என்றான் அரியலூரில் இருக்கும் சித்தப்பா பையன். எழுதவும் உட்கார்ந்தேன். நாலு பத்தி ஓடியது. ஐந்தாவதில் முட்டையின் ஓடு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டிய இடம் வந்தது. அங்கே நின்றுவிட்டேன். நான்தான் அதைப் பார்க்கவே இல்லையே.

மறுநாள் பஸ் ஏறினேன். உடைந்து கிடந்த ஒரு கல்லின் உட்புறம் நம்மூர் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினாற்போல அடுக்கடுக்காக இருந்தது. புவியியல் அறிந்தவர்கள் சில நாட்களில் விளக்கம் சொன்னார்கள்: முட்டை அல்ல, அம்மோனைட் என்ற கடலுயிரியின் மேல் தாதுக்கள் படிந்து படிந்து இறுகிய உருண்டைகள். அம்மோனைட் கணவாய்க்குத் தூரத்து உறவு. கடாக் கொம்பு போலச் சுருண்ட ஓடு உடையது. டைனோசர்கள் அழிந்த அதே காலத்தில், ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், அதுவும் அழிந்தது. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் இந்தக் கரிசலில் கடல் இருந்தது என்பது எந்த முட்டையையும் விடப் பெரிய அதிசயம். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் அரியலூர் ஆலைகளில் சிமெண்ட் ஆகிறது. எழுதி வைத்த நாலு பத்தியையும் கிழித்துவிட்டு இதைத்தான் எழுதினேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். முதல் வரியைத் தொடங்குமுன் தாளின் ஓரத்தில் மூன்று கேள்வி எழுதிவிடுவேன்: யார் பார்த்தது, எங்கே, என்ன அளவு? பதில் இல்லாத கேள்வி இருந்தால் கட்டுரை காத்திருக்கும்.

அளவும் படமும் எவ்வளவு முக்கியம் என்பதைக் கல்லமேட்டு எலும்புகள் எனக்குச் சொல்லிக்கொடுத்தன. அரியலூர் மாவட்டத்தில் கிடைத்த அந்த எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் 1987-இல் விவரித்து, புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். பேருடல் பல்லி என்று பொருள். முதலில் ஊனுண்ணி வகையில் வைக்கப்பட்டது. பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று கருதப்பட்டது. கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். தரையில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக அது இருந்திருக்கலாம். ஆனால் எலும்புகள் பொடிந்து போயின. அச்சில் மிஞ்சியவை சில கோட்டுப் படங்களும் சுருக்கமான வர்ணனையும். அது எலும்புதானா, கல்லாகிப்போன மரமா என்றுகூடச் சிலர் ஐயப்பட்டார்கள். கல்லான 18 மீட்டர் மரம் சாத்தனூரில் கிடக்கிற வட்டாரம் இது; ஐயத்தை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. களத்தில் எடுத்த பழைய புகைப்படங்கள் 2022-இல் வெளியான பிறகுதான் அந்த விலங்குக்கு மறுபடி உயிர் வந்தது. இல்லாத முட்டை ஒரே நாளில் ஊரெல்லாம் போனது. இருந்த எலும்பு முப்பத்தைந்து ஆண்டுகள் சாட்சி இல்லாமல் தவித்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

எழுத்தில் சின்னது என்று எதுவும் இல்லை. ஓலைச்சுவடிக் காலத்தில் எழுத்தின் மேல் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று விட்டுவிடுவார்கள். எகரமா ஏகாரமா என்று படிப்பவர்தான் ஊகிக்க வேண்டியிருந்தது. இரண்டுக்கும் வேறு வேறு வடிவம் தந்தவராகச் சொல்லப்படும் வீரமாமுனிவர் வாழ்ந்தது அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில். அந்த ஊர்ப் பெயரின் முதல் எழுத்திலேயே அவர் உழைப்பு இருக்கிறது.

அரசியல் எழுதும்போது அடைமொழிகளை எடுத்துவிட்டுத் தேதிகளை வைக்கிறேன். அரியலூர் 2001 ஜனவரியில் தனி மாவட்டமானது. 2002-இல் ஆட்சி மாறியிருந்தபோது பெரம்பலூரோடு திரும்பச் சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23-இல் மறுபடி பிரிந்தது. இதற்கு மேல் நான் கோபப்பட்டு எழுத என்ன இருக்கிறது? படிப்பவருக்கே கோபம் வரும்.

ஆனால் இதே தேதியில்தான் நான் தவறினேன். 1956 நவம்பர் 23 விடியலில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். மாவட்டம் மறுபடி பிறந்த நாளும் விபத்து நாளும் ஒன்று என்பதை ‘தெரியுமா உங்களுக்கு?’ என்று பெட்டி கட்டிப் போட்டேன். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். “தேதி ரெண்டும் சரிதான் தம்பி. ரயில்ல போனவங்களப் பத்தி ஒரு வரி இல்லையேப்பா.”

எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு ஆற்றங்கரைக்குப் போனேன். விபத்து நடந்தபோது அவருக்கு எட்டு வயது. இருட்டோடு அவர் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியது, திரும்பி வந்தவர் வேட்டியெல்லாம் சேறாக நின்றது, அன்று வீட்டில் உலை வைக்காதது – அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் இடையில் எதுவும் கேட்காமல் எழுதிக்கொண்டேன்.