மீன் பிடிப்போர் கறுப்புக் கண்ணாடி வாங்கும்பொழுது

பண்ணைக் குட்டைகளிலும் ஏரிகளிலும் கெண்டை வளர்க்கும் விவசாயிகளில் பலர் வெயில் நேரத்தில் கறுப்புக் கண்ணாடி அணிகின்றனர். நல்ல பழக்கம்தான். ஆனால் திருவிழாக் கடையில் கைக்குக் கிடைத்ததை எடுத்து மாட்டிக்கொள்வதில்தான் தவறு நேருகிறது. எவ்வளவு கறுப்போ அவ்வளவு கண்ணுக்கு நல்லது என்று பலரும் எண்ணுகின்றனர். இது சரியன்று.

வெயிலில் கண்ணுக்குக் கேடு செய்வது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள். கண்ணாடியின் கறுப்பு நிறம் வெளிச்சத்தைக் குறைக்கும். இக்கதிர்களையும் தடுக்கும் என்று சொல்வதற்கில்லை. வெளிச்சம் குறைந்தவுடன் கண்ணின் பாவை விரிகிறது. வெறுங்கண்ணாக இருந்தாலாவது கூச்சத்தில் இமை சுருங்கிக் காக்கும். கதிரைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடியின் பின்னால் அந்தக் காப்பும் இல்லாமல் போகிறது. இப்படிப்பட்ட கண்ணாடியை அணிவதைவிட அகலமான தொப்பி மேல்.

ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் காற்றிலும் தூசியிலும் வேலை செய்வோருக்கு, மூக்கோரத்திலிருந்து கருவிழியின் மேல் சதை வளருவதைக் காணலாம். கண்புரை வருவதற்கும் இக்கதிர்கள் ஒரு காரணம். எனவே, 'யுவி 400' என்று குறிப்பிட்ட கண்ணாடியையே கேட்டு வாங்க வேண்டும். குறிப்பை மட்டும் நம்ப மனமில்லையென்றால், அளந்து பார்க்கும் சிறு கருவி சில மூக்குக் கண்ணாடிக் கடைகளில் உண்டு. கண்ணால் பார்த்து இதைக் கண்டறிய முடியாது.

நீரின் பளபளப்பு

அடுத்தது நீரின் பளபளப்பு. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் படுக்கைவாட்டில் அதிர்வது. 'போலரைஸ்டு' கண்ணாடி அந்த ஒளியை மட்டும் தடுத்து, நீருக்குள்ளிருந்து வரும் ஒளியை விடுகிறது. கண் நீர்மட்டத்திலிருந்து 6 அடி உயரத்தில் இருந்தால், சுமார் 8 அடி தள்ளியுள்ள நீரில் இதன் பலன் மிக நன்றாகத் தெரியும். காலடியிலுள்ள நீரிலும் வெகு தூரத்திலுள்ள நீரிலும் பலன் குறைவு. தெளிந்த நீரில் தீவனப் பையைச் சுற்றும் மீனையும், வலையைக் கிழிக்கக்கூடிய மூழ்கிய கட்டையையும் முன்கூட்டியே காணலாம்.

கடையிலேயே இதைச் சோதிக்கலாம். கண்ணாடியைக் கைப்பேசித் திரைக்கு முன் பிடித்து மெதுவாகச் சுழற்றினால், பெரும்பாலான திரைகள் ஏதாவது ஒரு கோணத்தில் இருண்டுவிடும். இரண்டு போலரைஸ்டு கண்ணாடிகளைக் குறுக்காக வைத்தாலும் இருளும். இருளாவிட்டால் அது சாதாரணக் கண்ணாடி. ஆனால் இச்சோதனை பளபளப்பைப் பற்றி மட்டுமே கூறும். புற ஊதாக் காப்பைப் பற்றி ஒன்றும் கூறாது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

கழற்ற வேண்டிய நேரம்

மீன் வளர்ப்போர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குட்டை நீரின் நிறத்தைப் பார்த்துத்தான் சாணமும் உரமும் இடுகிறோம். கையை முழங்கை வரை நீரில் விட்டு உள்ளங்கை தெரிகிறதா என்று பார்ப்போரும், கறுப்பும் வெள்ளையும் பூசிய தட்டை இறக்கிப் பார்ப்போரும் உள்ளனர். இவ்வேளையில் கண்ணாடி அணிந்திருந்தால் கணக்குத் தவறிவிடும். போலரைஸ்டு கண்ணாடியில் நீர் உள்ளதைவிடத் தெளிவாகத் தெரியும். பழுப்புக் கண்ணாடியில் பசுமை மங்கித் தோன்றும். ஏற்கெனவே பாசி செழித்த நீரை உரம் போதாத நீர் என்று கருதி மேலும் ஒரு தட்டுச் சாணம் இட்டால், விடியற்காலையில் பிராணவாயு குறைந்து மீன்கள் வாயைப் பிளந்து மேலே வரும். ஒரே இரவில் மொத்தமும் செத்து மிதக்கவும்கூடும். எனவே, நீரைச் சோதிக்குமுன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைக்கவும். விடியலில் மீன் மூச்சுத் திணறுகிறதா என்று பார்க்கப் போகும்பொழுது கண்ணாடி வேண்டியதே இல்லை. பாசியடர்ந்த நீரில் ஆழத்திலுள்ள மீனை எந்தக் கண்ணாடியும் காட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிறத்தைப் பொறுத்தவரை, கடலுக்கும் மேட்டூர் போன்ற பெரிய நீர்த்தேக்கத்தில் பரிசல் ஓட்டுவோருக்கும் சாம்பல் நிறம் ஏற்றது. கலங்கிய, ஆழமில்லாத நீருக்குப் பழுப்பு நல்லது. கண்ணாடியில் 0 முதல் 4 வரை வகை எண் இருக்கும். நடுப்பகல் வெயிலுக்கு 3-ஆம் வகை போதும். 4-ஆம் வகை மிகவும் இருண்டது. அதை அணிந்து வண்டி ஓட்டக்கூடாது. பொழுது சாய்ந்தபின் எந்த வகையை அணிந்தும் ஓட்டுதல் ஆபத்து.

வீச்சு வலையின் ஈயக் குண்டோ தூண்டில் முள்ளோ முகத்தில் தெறிப்பது உண்டு. ஆகவே கண்ணாடிச் சில்லைவிட 'பாலிகார்பனேட்' சில்லே மேல். அது எளிதில் உடைந்து கண்ணில் குத்தாது. புற ஊதாக் கதிரையும் பெருமளவு தானே தடுக்கும். பக்கவாட்டிலிருந்து வெயில் புகாதபடி முகத்தோடு ஒட்டியமைந்த சட்டமாகப் பார்த்து, பின்கழுத்தில் கயிறு கட்டிக்கொள்ளவும். பார்வைக் குறைபாடு உள்ளோர், பவர் கண்ணாடியின் மேல் மாட்டும் போலரைஸ்டு சில்லைக் கேட்கலாம்.

பாலிகார்பனேட்டில் கீறல் எளிதில் விழும். உப்போ மணலோ படிந்த சில்லைத் துண்டின் முனையால் உலர்ந்தபடியே துடைக்கக் கூடாது. முதலில் நல்ல தண்ணீரில் அலசி, பிறகு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுச் சென்றால் சூட்டில் உட்படலம் சுருங்கிக் கெட்டுவிடும்.