குன்று யாருடையது?
பனிச்சறுக்குக் களங்கள் தரும் ஒரு பாடம்

கூட்டுடைமை என்னுந் தொடரை இலக்கண வகுப்பிலே விரித்துக் காட்டப் புகின் இரு வழி தோன்றும். ‘கூட்டு’ என்பதை வினையடியாகக் கொண்டு, கூட்டிய உடைமை, கூட்டுகின்ற உடைமை, கூட்டும் உடைமை என விரிப்பின் அது வினைத்தொகை. ஒருவர் பலவற்றைத் தம்மிடத்தே சேர்த்துக்கொண்ட உடைமை என்பது அதன் பொருள். ‘கூட்டு’ என்பதைப் பெயராகக் கொண்டு, கூட்டினது உடைமை என விரிப்பின் அஃது ஆறாம் வேற்றுமைத் தொகை. பலர் கூடி ஒன்றை உடையராதல் என்பது அதன் பொருள். நிலைமொழி குற்றியலுகரமாயும் வருமொழி உயிர்முதலாயும் இருத்தலின், புணர்ச்சி இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது. சொல்வடிவம் ஒன்று, பொருளோ எதிரெதிரானவை இரண்டு.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள சிறு பனிச்சறுக்குக் களங்கள் அண்மைக் காலத்தில் அடைந்த மாற்றங்களை நோக்குவார்க்கு இவ்விரு பொருளும் கண்முன்னே தோன்றும். பனியைக் கண்ணாற் காணாத எமக்கு அக்களங்களின் செய்தி எதற்கு என்று மாணவர் வினவலாம். கட்டுரை முடிவில் அவ்வினாவிற்கு விடை தானே போதரும்.

முதற்கண் அக்களங்களின் இயல்பைக் கூறுவாம். மாரிக்காலத்திற் பனி மூடிய குன்றின் உச்சியிலிருந்து, காலிற் பிணித்த நீண்ட பலகைகளின் மேல் நின்று சறுக்கி இறங்குவதே பனிச்சறுக்கு. இறங்குதல் எளிது, ஏறுதலே அரிது. 1934ஆம் ஆண்டு வெர்மொன்ற் மாநிலத்து வூட்ஸ்ரொக் என்னும் ஊரில், பழைய போர்ட் மோட்டார் வண்டியின் இயந்திரத்தாற் சுழலும் கயிறொன்றைக் குன்றின்மேல் ஓடவிட்டனர். அதனைப் பற்றிக்கொண்டோர் வருத்தமின்றி மேலேறினர். அந்நாட்டின் முதற் கயிற்றேற்றி அதுவே என்பர். பின்னர்க் குளிர்நாட்டு ஊர்கள் பலவற்றில் ஒரு குன்று, ஓர் இயந்திரம், ஒரு கயிறு என்ற அளவிலே களங்கள் எழுந்தன. ஊர்ப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் அங்கே சென்று பழகினர்.

காலம் செல்லச் செல்லச் செலவு பெருகிற்று. கயிறு போய்த் தொங்கு கதிரைகள் வந்தன. பனி பொய்த்த ஆண்டுகளிற் செயற்கைப் பனி பொழியப் பொறிகளும் குழாய்களும் வேண்டப்பட்டன. மின்சாரச் செலவும் விபத்துக் காப்புறுதிக் கட்டணமும் ஏறின. மாரிகளும் வெப்பமுற்றன. 1980களின் தொடக்கத்தில் அந்நாட்டில் எழுநூற்றுக்கு மேற்பட்டனவாயிருந்த களங்கள் இன்று ஐந்நூற்றுக்குக் குறைவே. மறைந்தவற்றுட் பெரும்பாலன சிறியவை. எஞ்சிய சிறு களங்கள் பலவும், தனித்து நின்று அழிவதா, கூடி நின்று வாழ்வதா என்னும் வினாவை எதிர்நோக்கின. கூடுதற்கு வழி இரண்டு உள என முன்னர்க் கூறினாம்.

முதல் வழி, பல குன்றுகள் ஒரு கையிற் சேர்தல். மிசூரி மாநிலத்திற் சென் லூயிஸ் நகருக்கு அண்மையில் 1982ஆம் ஆண்டிற் சிறு களமொன்றைத் திறந்தோர், காலப்போக்கில் இந்தியானா, ஓகையோ, பென்சில்வேனியா முதலிய மாநிலங்களிற் சிறு களங்களையும், வடகிழக்கிலே சில பெருங் களங்களையும் வாங்கிப் பீக் றிசோட்ஸ் என்னும் கம்பனியாக வளர்ந்தனர். 2019ஆம் ஆண்டில் அக்கம்பனியின் 17 களங்களையும் கொலராடோ மாநிலத்து வெய்ல் றிசோட்ஸ் என்னும் பெருங் கம்பனி ஏறத்தாழ 26 கோடியே 40 இலட்சம் டொலருக்கு வாங்கிற்று. அதற்கு முன்னரே, 2012இல், மினியாப்பொலிஸ் நகருக்கு அண்மையிலுள்ள அவ்ற்றன் அல்ப்ஸ் என்னும் களத்தையும் டிற்றொயிற் நகருக்கு அண்மையிலுள்ள மவுண்ட் பிறைற்றன் என்னும் களத்தையும் அது வாங்கியிருந்தது.

பெருமலைகளை உடைய கம்பனி, சில நூறு அடியே உயர்ந்த குன்றுகளை விரும்புவது ஏன்? அக்கம்பனி 2008இல் ஒரு பருவச் சீட்டை வெளியிட்டது. அச்சீட்டை மாரி தொடங்குமுன் வாங்குவோர் கம்பனியின் பல களங்களிலும் சறுக்கலாம். நகருக்கு அண்மையிலுள்ள சிறு குன்றிற் பழகுவோர் அச்சீட்டை வாங்குவர். விடுமுறையில் மேற்கேயுள்ள பெருமலைக்குச் செல்வர். ஆகவே சிறு குன்று தன்னளவிற் பெரும் பொருள் ஈட்டாவிடினும், பெருமலைக்கு வாயிலாய் அமைகின்றது.

இம்முறையின் நன்மையை மறைத்தல் நேர்மையாகாது. பனி விழுமுன்னரே பணம் கைக்கு வருகின்றது. ஒரு மாநிலத்திற் பனி பொய்ப்பினும் மற்றொரு மாநிலத்திற் பொழியும்; ஒன்றன் நட்டத்தை மற்றொன்று தாங்கும். பழுதுற்ற கதிரைகளை மாற்றுதற்கு வேண்டிய முதலும் கிட்டும். ஆயினும் களத்தை எத்தனை மணிக்குத் திறப்பது, கட்டணம் யாது, எத்துணைப் பேரைப் பணிக்கு அமர்த்துவது என்பனவற்றை ஊரார் முடிவு செய்யார். தொலைவிலுள்ள ஒரு பணிப்பாளர் சபையே முடிவு செய்யும். குன்று ஊரில் உளது. குன்றின் விதி ஊரில் இல்லை.

இரண்டாம் வழி, ஒரு குன்று பலர் கையிற் சேர்தல். இதற்கு வெர்மொன்ற் மாநிலத்து மாட் றிவர் கிளென் தக்க சான்று. றோலன்ட் பால்மெடோ என்பவரின் முயற்சியால் 1948இல் திறக்கப்பட்ட அக்களத்தில், ஒருவர் மட்டுமே அமரத்தக்க கதிரைகள் கொண்ட ஏற்றி அமைக்கப்பட்டது. 1970களிலிருந்து அதனைப் பேணிவந்த பெற்சி பிறாற் அம்மையார், 1995இல் அக்களத்தை அங்கே சறுக்குவோரின் கூட்டுறவுச் சங்கத்திற்கே விற்றார். விலை ஏறத்தாழ 25 இலட்சம் டொலர். பங்கொன்று 1500 டொலராகத் தொடக்கத்தில் விற்கப்பட்டது. ஒருவர் வாங்கக்கூடிய பங்குகளுக்கு மேல்வரம்பும் விதிக்கப்பட்டது. பங்கு வாங்கியதோடு கடமை முடிவதில்லை. ஒவ்வோராண்டும் ஒரு குறித்த தொகைக்குச் சீட்டு முதலியவற்றை முன்கூட்டியே வாங்குதலும் பங்காளர் கடனாகும். அந்நாட்டிற் கூட்டுறவு முறையில் உரிமை கொள்ளப்பட்ட முதற் பனிச்சறுக்குக் களம் இதுவேயாம்.

அவ்வுரிமையின் பொருள் பின்னொரு நாள் விளங்கிற்று. ஏறத்தாழ அறுபது ஆண்டு உழைத்த ஒற்றைக் கதிரை ஏற்றியைப் புதுப்பிப்பதா, இருவர் அமருங் கதிரைகளால் மாற்றுவதா என்னும் வினா எழுந்தது. வணிகக் கணக்கு மாற்றுக என்றே கூறும். பங்காளரோ ஆராய்ந்து, ஒற்றைக் கதிரையையே பேண முடிவு செய்தனர். மேலேறுவோர் குறைந்தால் சரிவிலே நெருக்கம் குறையும். பெரும்பாலும் இயற்கைப் பனியையே நம்பிய அக்களத்திற் பனியும் விரைவிற் தேயாது. 2007இல் ஏற்றி புதுப்பிக்கப்பட்டது. இன்றும் ஒற்றைக் கதிரைகளோடே ஓடுகின்றது.

அதே பள்ளத்தாக்கில் அயலிலுள்ள சுகர்புஷ் என்னும் பெரிய களத்தின் வரலாறு வேறு. 1990களில் அது பல களங்களைச் சேர்த்த அமெரிக்கன் ஸ்கியிங் கம்பனியின் வசமாயிற்று. கடன் சுமையால் அக்கம்பனி தளரவே, 2001இல் உள்ளூர் உரிமையாளரிடம் வந்தது. 2020இல் அல்ற்றெறா என்னும் வேறொரு பெருங் கம்பனியைச் சேர்ந்தது. களம் அழியவில்லை என்பது உண்மை. ஆயினும் யாருடையதாவது என்பதை ஊர் தீர்மானிக்கவில்லை.

இத்துடன் நிறுத்தின் எமது பாடம் ஒருபாற் கோடியதாகும். பலர் கை சேர்ந்த குன்று என்றும் வீழாது என்பதில்லை. நியூசிலாந்தின் றுவப்பெஹு மலையில் 1953ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒரு நிறுவனம், ஆதாயம் பங்கிடாது, பொதுநலங் கருதி வகபாபா என்னும் களத்தை நடத்திவந்தது. 2000ஆம் ஆண்டில் அம்மலையின் மறுபக்கத்துத் தூறோவாக் களத்தையும் வாங்கிற்று. பெருந்தொற்றுக் காலத்து முடக்கங்களும் 2022ஆம் ஆண்டின் பனிக்குறைவும் அடுத்தடுத்துத் தாக்க, அவ்வாண்டு ஒற்றோபர் மாதத்திற் கடன் தீர்க்கவியலாது நிருவாகிகளின் பொறுப்பில் விடப்பட்டது. அங்கே களம் இரண்டாயினும் மலை ஒன்று. மலை ஒன்றாகவே வானமும் ஒன்று. ஒன்றிற் பொய்த்த பனி மற்றதிலும் பொய்த்தது. கைகள் பலவாயினும், கெட்ட காலத்திற்கென ஒதுக்கிய பொருள் இன்றேல் அன்பு மாத்திரம் கடனைத் தீர்க்காது.

ஆகவே யாம் கொள்ளத்தக்க முடிபு இது. சிறியன தனித்து வாழ்தல் அரிது, கூடுதல் வேண்டும். ஆயின், கூடுமுன் வினவற்பாலது ஒன்று உண்டு. அடுத்த மாரியில் இவ்வாயிலைத் திறப்பதா மூடுவதா என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கும்? விடை ‘பிறரிடம்’ எனின், அக்கூட்டு வினைத்தொகை. விடை ‘எம்மிடம்’ எனின், அது வேற்றுமைத்தொகை. அப்போது ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய கடனும் எம்முடையதே. உரிமையை வேண்டிக் கடனை மறுப்பார்க்கு இரண்டாவது கூட்டு வாய்ப்பதில்லை.

கூட்டுறவு எமக்குப் புதிய சொல்லன்று. மூளாயிலே மக்கள் பங்கு சேர்த்து வைத்தியசாலை கண்ட நாடு எமது நாடு. பலர் சிறுகச் சிறுக ஈந்தமையால் எழுந்தவையே எமது கல்லூரிகளும். இவ்விழா மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர் ‘எமது கல்லூரி’ என்கின்றனர். அவ் ‘எமது’ என்னுஞ் சொல்லின் ஆறாம் வேற்றுமைப் பொருள் உரிமையோடு அமைவதன்று. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் கடமையும் அதனுள் அடங்கும். பனி காணாத மாணவர்க்குப் பனிக்குன்றின் செய்தி எதற்கு என்ற வினாவிற்கு இதுவே எமது விடை.