இசையும் இல்லத்து இணையக் கருவிகளும்

இசை கேட்டல் நம் நாட்டார்க்குத் தொன்றுதொட்ட வழக்கம். ஆயின் அவ்விசை இல்லம் வந்து சேரும் வழி காலந்தோறும் மாறிவருகின்றது. முன்னர் இசைத்தட்டிலும், 1938 முதல் சென்னை வானொலி நிலையத்தின் வாயிலாகவும் வந்த இசை, இன்று இணையத்தின் வழியே வருகின்றது. காங்கேயத்திற்குக் கிழக்கே, காவிரிக்கரைக் கொடுமுடியில் 1908-இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் பாட்டை, காங்கேயத்து வீட்டிலிருந்தே வேண்டும்பொழுது கேட்கலாம். அங்ஙனம் கேட்போருட் சிலர், விலைமிக்க ரவுட்டரும் கம்பியும் வாங்கினால் குரல் இன்னும் இனிமையுறும் என்று கருதுகின்றனர். பின்னலாடைத் தொழிலில் வாரக்கூலி பெறும் குடும்பங்கள் மிக்க நம் பக்கத்தில், இக்கருத்து மெய்யோ அன்றோ என ஆராய்தல் பயனுடைத்து.

முதலாவது, கம்பியிலும் அலையிலும் வருவது ஒலியன்று. ஒலியை அளந்த எண்களே. குறுந்தகட்டு முறையில் ஒலியலை வினாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகின்றது. ஒவ்வோர் அளவும் 16 பிட்டுகளாற் குறிக்கப்பெறும். இடம், வலம் ஆகிய இரு பகுதிகளையும் சேர்த்தால் வினாடிக்கு 14,11,200 பிட்டுகள் ஆகும். 100 மெகாபிட் இணைப்பில் இஃது ஏறக்குறைய 70-இல் ஒரு பங்கே. ஆகவே வேகத்தைக் கூட்டுவதனால் மட்டும் இசை சிறவாது.

இரண்டாவது, இவ்வெண்கள் சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு வருகின்றன. ஒவ்வொரு பொதியும் சரிபார்க்கப்படும். பழுதுற்றதும் வழியில் தொலைந்ததும் மீண்டும் அனுப்பப்படும். வந்தவை சிறிது நேரம் தேக்கி வைக்கப்பட்டே இசைக்கப்படும். கிணற்றுநீர் விட்டுவிட்டு ஏறினும், தொட்டியிலிருந்து குழாயில் ஒரே சீராய் வருதல் போல்வது இது. எனவே ஒழுங்காக வந்து சேர்ந்த எண்களை, விலை குறைந்த ரவுட்டர் கெடுப்பதுமில்லை. விலை உயர்ந்த ரவுட்டர் திருத்துவதுமில்லை.

அங்ஙனமாயின் இணையக் கருவியால் தீங்கே இல்லையோ எனின், உண்டு. தேக்கம் வற்றினால் பாட்டு நின்றுவிடும். இணைப்புத் தளருங்கால், சில செயலிகள் தாமே பிட்டளவைக் குறைத்துவிடும். அப்பொழுது ஒலி மெய்யாகவே தாழும். தெருப்பக்கத்து அறையில் ரவுட்டரும், தடித்த சுவர் சில கடந்து பின்கட்டில் ஒலிபெருக்கியும் உள்ள வீட்டில் இது நேரும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவுடையது. ஆயினும் சுவரைக் கடத்தலில் வலி குன்றியது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சேய்மை செல்லும். ஆயினும் அண்டை வீட்டு வைஃபையும், புளூடூத்தும், மைக்ரோவேவ் அடுப்பும் அதனிடத்தே நெருக்குகின்றன. தகரமோ அலையைத் தடுத்துத் திருப்பிவிடும்.

இனி, தெரிந்தெடுக்கும் முறையைக் கூறுவாம். ரவுட்டரை வீட்டின் நடுவில், உயரமான இடத்தில், இரும்பு அலமாரிக்கு விலகி வைக்க; இதற்குச் செலவில்லை. இயலுமாயின் இசைக்கருவிக்கு ஈதர்நெட் கம்பி இழுக்க. கேட் 5ஈ என்னும் எளிய கம்பியே 100 மீட்டர் வரையில் 1,000 மெகாபிட்டைத் தாங்கும். கம்பி வழியே மின்னிரைச்சல் புகும் என்று அஞ்சுவாரும் உளர். ஈதர்நெட் வாயில்களில் உள்ள சிறு மின்மாற்றிகள் இருபுறத்து மின்சுற்றையும் பிரித்தே வைக்கின்றன. உலோக உறையிட்ட கம்பி அவற்றை மீண்டும் இணைத்துவிடக் கூடுமாதலின், உறையில்லாத கம்பியே வீட்டிற்கு ஏற்றது. கம்பி இழுக்கலாகாத வீட்டிற்கு, இரு அலைவரிசையும் உடைய நடுத்தர ரவுட்டர் போதும்.

எஞ்சிய பொருளை ஒலிபெருக்கிக்குச் செலவிடுக; எண்ணை மீண்டும் ஒலியாக்குவன கடைசிக் கருவிகளே. செயலியில் உயர்ந்த ஒலித்தரத்தைத் தெரிந்துகொள்க. புளூடூத் வழியே அனுப்பின் ஒலி மறுபடியும் சுருக்கப்படும் என்பதையும் மறவற்க. பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த பதிவின் கீறலொலியை எந்த ரவுட்டரும் நீக்காது.

ஐயம் எழின், சோதனை ஒன்று உளது. கேட்பவர் அறியாவண்ணம் மற்றொருவர் கருவியை மாற்றி மாற்றி வைக்க. எது எதுவென்று கேட்பவர் பலமுறை சொல்லுக. ஊகத்திற்கு மேற்பட்டுச் சரியாகச் சொல்லமாட்டாராயின், வேறுபாடு செவியில் இல்லை, விலைச்சீட்டிலேயே உளது என்று அறியலாம். கல்வி கற்கும் நாம் விளம்பரத்தை நம்புமுன் இவ்வாறு சோதித்தறிதலே முறை.