செய்தியை ஆராயப் பயிற்றும் ஆசிரியர்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலை, கடலூருக்கு வடக்கே புதுச்சேரி எல்லைக்குள் உள்ள நல்லவாடு என்னும் மீனவர் கிராமத்திற்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கே பணிபுரிந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலையைப் பற்றிக் கேள்வியுற்று, தம் வீட்டாரை உடனே வெளியேறுமாறும், ஊராருக்கு அறிவிக்குமாறும் கூறினார். கடல்நீர் ஏறிவருவதை வீட்டாரும் கண்ணால் கண்டனர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு அமைத்திருந்த அறிவு மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் எச்சரிக்கை செய்தனர். ஊரார் உயிர் தப்பினர். அதே நாளில் கடலூர் மாவட்டக் கரையில் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

நான்கு நாட்கள் சென்றன. டிசம்பர் 30-ஆம் நாள், மீண்டும் பேரலை வரக்கூடும் என்னும் எச்சரிக்கை மத்திய உள்துறை அமைச்சகத்திலிருந்தே வந்தது. வெளிநாட்டு நிறுவனமொன்றின் கணிப்பே அதற்கு அடிப்படை. கரையோர மக்கள் அஞ்சி ஓடினர். நிவாரணப் பணியும் தடைப்பட்டது. அலை வரவில்லை. அக்கணிப்பு ஆதாரமற்றதெனப் பின்னர் விளக்கப்பட்டது.

தனி மனிதர் ஒருவர் சொன்னது மெய்யாயிற்று; பெரிய இடத்திலிருந்து வந்தது பிழையாயிற்று. ஆகவே, சொல்பவரின் தகுதியை மட்டும் பார்த்துச் செய்தியை நம்புவதும் தள்ளுவதும் போதா. ஆயினும், கடல் பொங்குமென்று கேட்டவர் ஆராய்ந்துகொண்டு கரையிலேயே நிற்கலாகாது. முதலில் மேட்டுக்குச் சென்றுவிட்டுப் பிறகு விசாரிப்பதே முறை. 2007 முதல் ஐதராபாத்திலுள்ள ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இதற்கெனவே பணியாற்றி வருகிறது. பிறர்மீது சினமூட்டும் செய்தியிலோ இம்முறை தலைகீழாகும். அங்கே விசாரித்து முடியும்வரை எவரும் கை நீட்டலாகாது.

2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த குடும்பத்தினர் சிறுவர்களுக்கு மிட்டாய் கொடுத்தனர். பிள்ளைபிடிப்போர் நடமாடுகின்றனர் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம் அவர்களைத் தாக்கியது. 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகக் காணொளிகள் பரவின. அவற்றுள் ஒன்று திருப்பூரில் வடநாட்டுத் தொழிலாளர் இரு பிரிவினரிடையே நிகழ்ந்த சண்டை. மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர் இருவர் மோதிக்கொண்டது. காவல்துறை விளக்கம் அளித்தது. பீகார் அரசின் குழுவும் நேரில் வந்து விசாரித்தது. அதற்குள் தொழிலாளர் பலர் அஞ்சி ஊர் திரும்பத் தலைப்பட்டனர்.

இத்தகைய செய்திகளைச் சிறுவர்கள் ஆராயக் கற்கவேண்டுமாயின், ஆசிரியர் முதலில் கற்கவேண்டும். யுனெஸ்கோ 2011-இலேயே ஆசிரியர்க்கெனப் பாடத்திட்டம் ஒன்றை வெளியிட்டது. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 2018-இல் அரசுப் பள்ளிகளில் இப்பாடம் தொடங்கப்பெற்றது. நம் மாவட்டத்திற்கு வடலூரில் ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம் உண்டு. சிதம்பரத்தில் 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உண்டு. இடத்திற்குப் பஞ்சமில்லை.

பயிற்சியில் வேண்டுவது சொற்பொழிவன்று. ஊரில் அவ்வாரம் உலவிய செய்தி ஒன்றை எடுத்து, முதலில் சொன்னவர் யார், படம் எந்த ஊரில் எந்த ஆண்டில் எடுத்தது, வேறெவரேனும் இதையே சொல்கின்றனரா, பரவினால் யாருக்கு ஆதாயம் என்று ஆசிரியர்கள் தாமே துருவிப் பார்க்கவேண்டும். தாம் ஏமாந்த ஒரு செய்தியை மறைக்காமல் வகுப்பில் சொல்லும் ஆசிரியரிடம் பிள்ளைகள் நன்கு கற்பர் என்பது என் எண்ணம்.

வதந்தி பெரும்பாலும் நாம் அறியாத மக்களைப் பற்றியே எழுகின்றது. ஆகையால், அயலாரை அறியும் கல்வியும் உடன் வேண்டும். நெய்வேலியில் 1956-இல் நிலக்கரி நிறுவனம் தோன்றியது முதல் பல மாநிலத்தார் வந்து குடியேறினர். மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும்போது, அங்குள்ள தர்காவின் இஸ்லாமியப் பெருமக்கள் வரவேற்று மரியாதை செய்கின்றனர். மாணவர்கள் இரு தரப்புப் பெரியோரிடமும் சென்று இவ்வழக்கத்தைக் கேட்டு எழுதிவரலாம். வடமாநிலச் சிறுவன் ஒருவன் வகுப்பிலிருந்தால், அவன் ஊரில் என்ன விளைகிறது என்று சொல்லச் செய்யலாம். உழவர் வீட்டுப் பிள்ளைகள் ஆவலுடன் கேட்பர்.

ஏற்கெனவே பல பதிவேடுகளைச் சுமக்கும் ஆசிரியரிடம் இதுவும் ஒரு பதிவேடாகிவிட்டால் பயனில்லை. பஞ்சாயத்து உறுப்பினர்கள், 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் இதை எடுத்துப் பேசி, ஓர் ஆசிரியரைப் பயிற்சிக்கு அனுப்புமாறு கேட்கலாம். அவர் திரும்பியபின், மாணவர்கள் ஆராய்ந்த செய்திகளை, மெய் இன்னது, பொய் இன்னது என்று எழுதிப் பஞ்சாயத்து அறிவிப்புப் பலகையில் வாரந்தோறும் ஒட்டச் செய்யலாம். கிராம சபையில் படித்துக் காட்டவும் செய்யலாம்.